கோவிந்தம்மாவின் பறி

வேதக்கோயில் படியில் செருப்பைக் கழற்றும்போதுதான் சரோஜா புதுத் தரையைப் பார்த்தாள். பழைய சிமெண்டு போய், முகம் பார்க்கலாம் போல வெள்ளை டைல்ஸ். ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் செங்கல்வராயன் தன் செலவில் போட்டுக் கொடுத்தது. அவர்தான் இந்த வருஷம் சபைச் செயலாளரும். தங்கள் உழைப்பில் விளைந்ததைக் காணிக்கையாக வைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு வந்தவர்கள் வாழைத்தாரும் பூசணிக்காயும் அரிசி மூட்டையுமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் வாசலை மறித்தாற்போல நின்று சரோஜாவின் அம்மா கோவிந்தம்மா கையிலிருந்த பறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனையோலையில் பின்னிய கூடை. விடியற்காலையில் கடலையொட்டிய உப்பேரியில் பிடித்த எறா அதற்குள் இன்னும் உயிரோடு துள்ளிச் சரசரத்தது. அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது.

“மீனு, எறால்லாம் பின்னால ஷெட்டாண்ட வெக்கணும்னு போன வாரமே சொன்னமே கோவிந்தம்மா. ஏலத்துல சேத்துக்கலாம். உள்ள வந்தா வாடை தங்கிடும். பீடத்துக்கு ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கி வெச்சுடு, போதும்.”

“வாழப்பழம் நானா வெளைய வெச்சேன்?” என்றாள் அம்மா. “கடையில வாங்குனத ஆண்டவருக்கு எப்டிண்ணே குடுக்கறது? அவரு இன்னா, கடைக்குப் போவ வழி தெரியாதவரா?”

பின்னால் பறியோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். செங்கல்வராயன் சிரிக்கவில்லை.

ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் எறா பிடிப்பவர்களுக்கு இரண்டு கையும் சேற்றைத் துழாவ வேண்டும். அதனால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அம்மா ஞானஸ்நானம் வாங்கிய வருஷம், அப்போதிருந்த ஆயர் காணிக்கை கொண்டுவருகிறவர்களைக் கை கூப்பியபடி வரச் சொன்னாராம். கை ரெண்டும் கும்பிட்டா பறிய எங்க மாட்டறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏரியில் செய்கிற மாதிரியே பல்லில் கடித்துக்கொண்டு பீடம் வரைக்கும் நடந்துவிட்டாள். ஆயரும் குனிந்து அவள் வாயிலிருந்தே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் தெருப் பெண்கள் எல்லோரும் அப்படியே வந்தார்கள். அதுவே முறையாகிப்போனது. ஈஸ்டருக்குப் பிறகு மாற்றலாகி வந்திருக்கும் இளவயது ஆயருக்கு இதெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்?

போன மழைக்காலத்தில் அம்மாவின் முன்பற்கள் விழுந்துவிட்டன. இப்போது ஏரியில் பறியை இடுப்பில் கட்டிக்கொள்கிறாள். ஆனால் கோயிலுக்குள் இடுப்பில் கட்டிப் போவது அவளுக்குச் சம்மதமில்லை. நம்ம வீட்டுப் பறி போகாமல் இருக்கக் கூடாது, நீ வந்து கடித்துக்கொண்டு போ என்று தினம் போன் செய்தாள். ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கையுறையும் தலையுறையும் போட்டுக்கொண்டு போன் பாகங்களைப் பொருத்துகிற வேலை சரோஜாவுக்கு. லீவு கேட்பதையே இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். ஹாஸ்டல் வார்டனோ சூப்பர்வைசரோ யார் எதைக் கேட்டாலும் முதலில் ‘சாரி’ என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வாள். பயம் என்பது அவளுக்குக் காய்ச்சல் மாதிரி வந்துபோவதில்லை, கூடவே குடியிருப்பது.

சின்ன வயதில் அப்படி இல்லை. ஒல்லாந்தர் கல்லறையில், அந்தக் காலத்து டச்சுக்காரர்களைப் புதைத்து வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிற அந்த இடத்தில்தான், அவளும் தோழி கஸ்தூரியும் யாரும் படிக்கத் தெரியாத எழுத்துள்ள கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்தார்கள். காணப்படாதவைகளையும் படைத்தவர் என்கிற வரி வந்தால் கஸ்தூரி, ‘எறாவச் சொல்றாங்கடி’ என்பாள். கலங்கிய தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பித்தானே கையை விடுகிறோம். முதன்முதலாக நற்கருணை வாங்குகிற திடப்படுத்தல் அன்றும் விடியலில் ஏரியில் இறங்கிவிட்டுத்தான் சரோஜா வெள்ளைச் சேலை கட்டினாள். எறாவின் கொம்பு கிழித்த உள்ளங்கையில்தான் முதல் அப்பத்தை வாங்கினாள். அன்றைக்கு யாரும் அவள் கையை முகர்ந்து பார்க்கவில்லை.

செங்கல்வராயன் இப்போது சரோஜாவைக் காட்டினார். “உம் பொண்ணு ஏசி ரூம்ல வேல செய்யுது. அதையும் இந்த நாத்தத்துல கொணாந்து நிக்க வெச்சிருக்கியே. அதுக்குக் கேவலமா இருக்காது?”

அம்மா அதற்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எப்போதும் சொல்வாள். சொல்லாமல் மகளைத் திரும்பிப் பார்த்தாள். சரோஜா இதுவரை அந்த முகத்தில் பார்த்திராத ஒரு சந்தேகம் அதில் இருந்தது.

“வுடு சரோ. ஷெட்டுலயே வெச்சுட்டு வந்துடலாம்.”

பறியோடு அம்மா படியிறங்கத் திரும்பினாள். சரோஜா குறுக்கே கை நீட்டிக் கயிற்றைப் பிடித்தாள். “குடும்மா,” என்றாள். ஈரக் கயிற்றைக் கடைவாய் வரைக்கும் உள்ளே விட்டுக் கடித்தாள். உப்பும் சேறும் நாக்கில் கரைந்தன. கையிரண்டையும் கூப்பிக்கொண்டு, செங்கல்வராயனுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நுழைந்தாள்.

உள்ளே காணிக்கைப் பாட்டு ஆரம்பித்திருந்தது. அவர் பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார். “நில்லு. யாரக் கேட்டு உள்ள போற? உன்னத்தான் கேக்கறேன், சொல்லு.” கேட்டவுடன் பதில் சொல்லியே பழகின வாய் திறக்கப் பார்த்தது. திறந்தால் பறி விழுந்துவிடும். சாரி என்கிற சொல் தொண்டை வரை வந்து கயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் இன்னும் இறுக்கிக் கடித்தாள். நடந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் வெள்ளைத் தரையில் ஒரு கறுப்புச் சொட்டு விழுந்தது. பாதி வழியில் செங்கல்வராயன் குரலைத் தாழ்த்தினார். பிறகு அங்கேயே நின்றுவிட்டார்.

பீடத்துக் கிராதிக்கு முன்னால் முழங்காலிட்டாள். ஜெபப் புத்தகத்தோடு நின்ற ஆயர் பறியைப் பார்த்தார். அது அசைவதைப் பார்த்து அரை அடி பின்வாங்கினார். அவளுக்குப் பின்னால் வாசல் பக்கம் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். “கீழ வைங்கம்மா,” என்றார் மெதுவாக. அவள் வைக்கவில்லை. கூப்பிய கையைப் பிரிக்கவும் இல்லை. முகத்தை மட்டும் அவர் பக்கம் உயர்த்தினாள்.

பாட்டு முடிந்துவிட்டது. அந்த அமைதியில் இன்னொரு சொட்டுச் சத்தம் கேட்டது. அவளுடையது அல்ல. பிறகு இன்னொன்று. அவள் திரும்பவில்லை. தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். செங்கல்வராயன் போட்டுக் கொடுத்த கண்ணாடித் தரையில், தலைகீழாக, வெறும் கால்களும் கூப்பிய கைகளும் ஆடும் பறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.