ஒரு சாண் வாசல்

இந்தக் காலத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை, நம் வாயைக் கிளறிக்கொண்டு போவதோடு சரி. சட்டக் கல்லூரிப் பேராசிரியையும் அப்படித்தான் வந்தாள் என்று, அவள் அறை முன்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து கொத்தனார் நினைத்துக்கொண்டார்.

குடியிருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தை எந்த அளவுக்கு மதிக்கிறார்கள் என்று அவளுக்கு ஆராய்ச்சி. பேர் போடமாட்டேன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். சிமெண்ட் மூட்டையையே அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார் அவர். ஆனால் வேலையைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் வாய் நிற்காது. மனைவிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததும், சக்கர நாற்காலி நுழைவதற்காக உள்ளறை வாசலை ஒரு சாண் அகலப்படுத்தி, கதவு நிலையை நகர்த்தி, தடம் தெரியாமல் பூசியதைச் சொன்னார். ஒப்பந்தப்படி சுவரில் கை வைக்கக் கூடாது. வீட்டுக்காரனே அந்த நிலையில் சாய்ந்து நின்று பேசிவிட்டுப் போகிறான், ஐந்து வருஷமாகக் கண்டுபிடிக்கவில்லை என்று சிரிக்க வேறு செய்தார்.

கட்டுரை அச்சில் வந்தது. அவளே அதை வகுப்பில் பாடமாக நடத்தினாள். அங்கே படித்துத் தேறியவன் ஒருவன், வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்ட வீட்டுக்காரனுக்கு வக்கீலானான். குடியிருப்பவர் கொத்தனார், மனைவி சக்கர நாற்காலியில் என்று கேட்டதும் அவனுக்குப் பாடம் நினைவுக்கு வந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான்.

கோர்ட் அனுப்பிய ஆள் சுவரைத் தட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியாமல், படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கட்டுரையிலோ பேர் இல்லை. விசாரணையில் கொத்தனார், அது நான் இல்லை என்று தலையாட்டியிருந்தால் தீர்ந்தது. வக்கீல் நீதிபதியிடம் படத்தைத் தூக்கிக் காட்டினான்.

"கத்துக்குட்டி வேலைங்கய்யா இது. எப்ப வேணா பிளந்துக்கும்."

"யாரு கத்துக்குட்டி? பூசி ஒம்பது வருஷம். முடி அளவு விரிசல் காட்டு, பாப்போம்," என்றார் கொத்தனார்.

நீதிபதி எழுதிக்கொண்டார். முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டு, "அந்த வாயையும் சேத்துப் பூசியிருக்கலாம்" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர்தான் திருப்பிவிட்டார்.

பெஞ்சில் இருந்தவரைப் பேராசிரியை உள்ளே கூப்பிட்டாள். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"நீங்க எழுதினது பொய்னு ஒரு தாள் குடுங்கம்மா. அவளத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"உங்க பேரை நான் எங்கயும் எழுதலையே ஐயா. நீங்களாத்தானே ஒத்துக்கிட்டீங்க."

அந்த வக்கீல் தன் மாணவர்களிலேயே கெட்டிக்காரன் என்றாள். இந்த வழக்கையும் பாடமாக வைக்கப்போகிறாளாம், இரண்டாவது கட்டுரைக்கு ஒரு கையெழுத்து வேண்டுமாம். தாளை நகர்த்தி வைத்தாள். இதிலும் பேர் வராது, நம்பலாம் என்றாள்.

அவர் தாளைத் தொடவில்லை. வெளியேறும்போது கை தன் பழக்கத்துக்கு விரிந்து அறை வாசலை அளந்தது. மூன்று சாண்கூட இல்லை. நாற்காலி நுழையாது.

"நம்பலாமாம்," என்று முனகிக்கொண்டே படியிறங்கி நடந்தார். விரித்த கை விரித்தபடியே இருந்தது.