தருசிலாவின் புயல் பெட்டி

தருசிலா புயல் பெட்டியை நிரப்புவது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் புயல் வரவில்லை, சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

நல்ல கனமான தகரப் பெட்டி அது. கணவன் கலியோவா ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போவதற்கு முன்பு சவுசவு நகரக் கடைத்தெருவில் வாங்கிப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். கயிறு, டார்ச், பேட்டரி, மீன் டின், கெட்டி பிஸ்கட், தார்ப்பாய், தண்ணீர் சுத்தம் செய்யும் மாத்திரை என்று தருசிலா பார்த்துப் பார்த்து அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினாள். அப்புறம் நாத்தனார் உனைசி வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, வீட்டுக்கு ஆள் வந்திருக்கு. ஒரு மீன் டின் குடுங்களேன்."

எங்கள் ஊரில் இதற்குக் கெரெகெரே என்று பெயர். சொந்தக்காரர் வந்து உட்கார்ந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் கொடுத்தாக வேண்டும். எப்போது திரும்பி வரும் என்று கேட்கக் கூடாது. வைத்துக்கொண்டே இல்லையென்று சொன்னவர்களின் மானம் மறுநாள் ஆற்றங்கரையில் துணியோடு சேர்த்துத் துவைக்கப்படும். ஊரில் சொந்தக்காரர் இல்லாதவர் யாரும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், பெட்டியின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டார்ச் நண்டு பிடிக்கப் போனது. தார்ப்பாய் ஒரு சாவு வீட்டுப் பந்தலுக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. தண்ணீர் மாத்திரையை ஒருத்தி வாங்கிப்போய் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை வெளுக்கப் போட்டாள். சட்டை என்னவோ நன்றாகத்தான் வெளுத்தது.

வேறு எவளாக இருந்தாலும் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். தருசிலாவால் முடியவில்லை. போன புயலின்போதும் கணவன் ஊரில் இல்லை; கூரை பறந்தபோது மகள் லோவாதாவை மேசைக்கு அடியில் வைத்து, மேலே தான் குப்புறப் படுத்துக் கிடந்தவள் அவள். மழை முதுகில் சாட்டையாக விழுந்தது. பிள்ளை நனைந்து விறைத்து, அதன்பின் கலங்கிய ஓடைத் தண்ணீரைக் குடித்து, பேதி கண்டு, கண் செருகிக் கிடந்ததை அவள் மறக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படகு வரும்வரை அந்தச் சின்ன உடம்பை மடியிலேயே வைத்திருந்தாள். அடுத்த புயலில் பிள்ளைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. தருசிலா தலைநகரில் வாடகை வீட்டில் வளர்ந்தவள். யாரிடமும் கை நீட்டாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து யார் வீட்டிலும் ஒரு கை உப்புகூட அவள் கேட்டதில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்தாள், தான் கேட்கவில்லை. அது நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தாள். ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று அவளுக்குத் தெரியாது.

ஆகவே மூன்றாவது தடவை அவள் மூளையைக் கசக்கினாள். அடுப்படிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. ஒரு காலத்தில் சீமைப்பலாவை இலை சுற்றிப் புதைத்துப் பஞ்சத்துக்கு வைத்த குழி. இப்போது யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஊர் முழுக்கப் பிரார்த்தனைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் பெட்டியை உள்ளே இறக்கி, மேலே பலகை போட்டு, மண் தள்ளி, வாழை மட்டையால் மூடினாள். தன் சொந்தச் சாமானைத் தானே திருடி ஒளிப்பதுபோல அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

அடுத்த வாரமே கலியோவாவின் அண்ணன் எமோசி வந்துவிட்டார். தோளும் மார்புமாக வாசலை அடைத்துக்கொண்டு உட்காரும் மனிதர்.

"தருசிலா, படகு கட்ற கயிறு நைஞ்சுபோச்சும்மா. உன்கிட்ட கயிறு இருக்குமே?"

"இல்லையே பெரியத்தான்."

நாக்கு தடுக்காமல் வந்துவிட்டது. அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா" என்று எழுந்து போனார். சில நாள் கழித்து அந்த நைந்த கயிறு அறுந்து படகு பாறையில் மோதி, ஒரு பக்கம் பிளந்தது. எமோசி ஒரு பன்றியைக் கொடுத்துப் பெரிய கயிறு ஒன்று வாங்கினார். படகுக்கு ஒட்டுப் போட்டார். தருசிலாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவள் அவர் வீட்டு வழியாகப் போவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.

இப்படியே சில மாதம் போனபின் ஒருநாள் ரேடியோ சொன்னது: பெரும் புயல், நாளை மதியத்துக்குள் கரையைத் தொடும்.

ஊர் உடனே பம்பரமாகச் சுழன்றது. காற்று பிடுங்கி எறியாமலிருக்க மரவள்ளித் தண்டுகளை வெட்டிச் சாய்த்தார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அறைந்தார்கள். தேவாலயத்தில் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும்தான் இடம் போதும், மற்றவர்கள் அவரவர் வீட்டில் என்று முடிவாயிற்று. தருசிலா கூரையிலிருந்து மழைத்தண்ணீர்த் தொட்டிக்கு வரும் குழாயைக் கழற்றி, தொட்டியின் வாயை இறுக மூடினாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, இன்றைக்குத்தான் என் நாள் என்ற மிதப்போடு குழிக்குப் போனாள்.

பலகையைத் தூக்கியதும் குப்பென்று புளித்த வாடை அடித்தது. அந்தக் குழி புளிக்கவைப்பதற்கென்றே வெட்டியது. ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும் இடம் பார்த்து வெட்டுவார்கள். நகரத்துப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? பெட்டியின் அடி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. ஓட்டை வழியாக நண்டுகள் குடித்தனம் வந்திருந்தன. பிஸ்கட் கூழாகி, கயிறு பூசணம் பூத்து, இழுத்தால் கையோடு வந்தது. டார்ச்சிலிருந்து தண்ணீர் வழிந்தது. தார்ப்பாயில் நண்டு கிழித்த கிழிசலுக்குள் தலையே நுழையும்.

தருசிலா குழி ஓரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மரவள்ளி வெட்டிய கத்தியோடு அந்தப் பக்கம் வந்த உனைசி நின்றாள். குழியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த நண்டைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அடேங்கப்பா! நாங்க கேக்கக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சீங்க. கடைசில நண்டு வந்து கெரெகெரே வாங்கிட்டுப் போயிருச்சே அண்ணி!"

"சிரிக்காத உனைசி. கூரையக் கட்ட கயிறு இல்ல. நாளைக்கு மறுபடி பிள்ளைய நனைய விடப்போறேன்."

உனைசி சிரிப்பை நிறுத்தினாள். கத்தியைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கயிறு இல்லன்னா போய்க் கேளுங்க."

"யார்கிட்ட?"

"யார்கிட்டயா? ஊர்ல மனுசங்களே இல்லையா? எத்தன வருசமா இங்க இருக்கீங்க, ஒரு தேங்கா கேட்டிருப்பீங்களா எங்கள? நாங்க மட்டும் வெக்கமில்லாம வந்து வந்து கேக்கறோம். நீங்க குடுத்துட்டு, உம்முனு உக்காந்திருப்பீங்க. உங்க வீட்டு சாமான் எங்களுக்கு வேணும், எங்க வீட்டு சாமான் உங்களுக்கு ஆகாதா? அண்ணிக்கு நாம யாரும் வேணாம் போலன்னு நானே எத்தன நாள் அழுதிருக்கேன், தெரியுமா?"

தான் செய்தது மரியாதை என்று தருசிலா இத்தனை நாள் நினைத்திருந்தாளே.

"கயிறு இருக்கிறது பெரியத்தான் கிட்ட மட்டும்தான்" என்றாள் மெல்ல.

"அப்ப அங்க போங்க."

"அங்க எப்படிப் போவேன் உனைசி? என் மூஞ்சில முழிப்பாரா?"

"முழிக்கலன்னா முதுகப் பாத்துக் கேளுங்க. காத்து உங்களுக்காகக் காத்திருக்காது."

எமோசி தன் வீட்டுக் கூரைமேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பலகைச் சுவர், தகரக் கூரை, பழைய வீடு. பெரிய கயிறு கீழே சுருண்டு கிடந்தது. தருசிலா வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கேட்க வருகிறவர் அப்படித்தான் உட்கார வேண்டும் என்பதை எத்தனையோ பேரைப் பார்த்து அவள் அறிந்திருந்தாள்.

"பெரியத்தான், ஒரு கெரெகெரே."

சுத்தியல் நின்றது. அவர் மனைவி மகெரேதா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"கயிறு."

"கயிறா? நான் கேட்டப்போ உன்கிட்ட இல்லன்னியே."

"இருந்துச்சு. பொய் சொன்னேன். என்னாலதான் உங்க படகு ஒடஞ்சுது. பிள்ளைக்காக ஒளிச்சு வெச்சேன், இப்ப அதுவும் மக்கிப் போச்சு. உங்ககிட்ட கேக்க எனக்கு வாயே இல்ல. ஆனா கேக்கறேன்."

எமோசி ஏணியில் இறங்கினார். ஒவ்வொரு படியும் முனகியது. அவள் தலையைத் தூக்கவில்லை. அவர் கயிறு பக்கத்தில் நின்று தன் கூரையை ஒரு முறையும், மரங்களுக்கு அப்பால் தம்பியின் சிமெண்டுச் சுவர் வீட்டை ஒரு முறையும் பார்த்தார். ஒரு கயிறு ஒரு கூரைக்குத்தான் காணும்.

"மகெரேதா, பிள்ளைங்களையும் பாயையும் எடு" என்றார். "சுவர் அவளோடது, கயிறு நம்மளோடது. ரெண்டும் ஒரே எடத்துல இருந்தாத்தான் பிரயோசனம்."

"அப்ப நம்ம வீடு?" என்றாள் மகெரேதா.

"அதுக்கு ஆணி அடிச்சிருக்கேன். மிச்சத்த ஆண்டவர் பாத்துக்கட்டும்." பிறகு தருசிலாவிடம் திரும்பினார். "எந்திரிம்மா. கேட்டதே லேட்டு. இன்னும் என்ன உக்காந்துகிட்டு?"

கூரைமேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, தரையில் அறைந்த முளைகளில் எமோசி முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சுகள் கடல்காரனின் முடிச்சுகள். உனைசியும் அவள் வீட்டுக்காரரும் அவித்த மரவள்ளியோடு வந்து சேர்ந்தார்கள். போன புயலில் பிள்ளையை மூடிக்கொள்ள இரண்டே கைகள் இருந்த வீட்டில், இப்போது கால் வைக்க இடமில்லை.

மறுநாள் மதியம் காற்று வந்தது. முதலில் தென்னைகள் ஊளையிட்டன, பிறகு எதுவுமே தனியாகக் கேட்கவில்லை. கூரைத் தகரம் எழும்பியது, கயிறு இழுத்தது, மறுபடி உட்கார்ந்தது. ஒவ்வொரு எழும்பலுக்கும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எமோசி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம பன்னி நல்ல பன்னி, சரியான கயிறாத்தான் வந்திருக்கு" என்றார். உனைசி வெடித்துச் சிரித்தாள், அந்த நேரத்திலும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து சிரித்தன. லோவாதா தாயின் மடியிலிருந்து நழுவிப் பெரியப்பாவின் வயிற்றில் தலை வைத்துத் தூங்கிப் போனாள். தருசிலா எட்டி அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. அதற்குமேல் அவளுக்கு எந்தக் காற்றைக் கண்டும் பயம் வரவில்லை.

விடிந்து வெளியே வந்தபோது ஊர் மொட்டையாகக் கிடந்தது. தொட்டித் தண்ணீர் தெளிவாக இருந்தது. வெட்டிப்போட்ட தண்டுகளுக்கு அடியில் மரவள்ளிக் கிழங்கு பத்திரமாக இருந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எமோசியின் வீடு இருந்த இடத்தில் நாலைந்து தூண்களும் கதவில்லாத ஒரு நிலையும் நின்றன.

எமோசி அங்கே போய் நின்றுகொண்டிருந்தார். மகெரேதா சேற்றிலிருந்து ஒரு பானையை எடுத்து அதன் நெளிசலைத் தடவினாள். ஊரில் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் கேட்டுப் பழகிய மனிதர் அவர். ஆனால் தம்பி ஊரில் இல்லாதபோது, தம்பி மனைவியிடம், பெண்டாட்டி பிள்ளைகளோடு தங்க இடம் கேட்பது வேறு. அவர் இரண்டு முறை தருசிலாவின் பக்கம் திரும்பினார். இரண்டு முறையும் தொண்டையைச் செருமிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

தருசிலா போய் அவர் முன்னால் அந்த ஈர மண்ணில் உட்கார்ந்தாள்.

"பெரியத்தான், ஒரு கெரெகெரே."

"மறுபடியுமா?" என்றார். "என்கிட்ட இனிமே என்னம்மா இருக்கு குடுக்க?"

"நீங்க இருக்கீங்கல்ல? அவர் ஊர் திரும்பற வரைக்கும் நீங்க எல்லாரும் என் வீட்டுல இருக்கணும். எனக்கு ஒத்தையா இருக்க பயமா இருக்கு. இல்லன்னு சொல்லிராதீங்க."

எமோசி உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுட்டியே" என்றார். "எப்படிம்மா இல்லங்கறது?"

மகெரேதா பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து சேற்றைத் தட்டினாள். "வா தருசிலா, அடுப்பு மூட்டலாம்" என்றாள்.