வாடாமல்லிக்கு ஏற்ற கேமரா

பரணிதரன் எழுந்து மோட்டார் போட்டான். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் அணைத்தான். பல் விளக்கினான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பொங்கி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தான். மீதிப் பாலை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனபோது நேற்றைய மீதியும் அங்கேயே இருந்தது. அதைக் கொட்டினான். குளித்தான். இஸ்திரி போட்டு வந்த சட்டைகளில் மேலே இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டான். எல்லா நாளும் இப்படித்தான். இன்று வார விடுமுறை. திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபோன் அடித்தது. தேவிப்பிரியா.

"பாவா, பஸ் ஏறிட்டோம். அம்மாவும் வருது."

"சரி."

"சரின்னா? அம்மா ஏன் வருதுன்னு கேக்க மாட்டீங்களா?"

அவன் கேட்கவில்லை. காரணம் அவனுக்குத் தெரியும்.

தேவிப்பிரியா அவன் மனைவியின் தங்கை. மனைவி கவிப்பிரியா போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து, போய்ச் சேர்ந்துவிட்டாள். அதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அவன் 'சரி' என்றுதான் சொல்லிவந்தான். சரி என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் கரும்புச் சாற்றின் கணக்கை எழுதுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவள் இறந்த அன்று பொதட்டூர்பேட்டையிலிருந்து அவள் அம்மா கன்னியம்மாள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். ஒப்பாரியில் செத்தவர்கள் பேசுவார்கள். அழுகிறவர்கள்தான் அவர்களைப் பேசவைப்பார்கள். 'தங்கச்சிய மாமன்கிட்ட ஒப்படைச்சியே, நான் இல்லாட்டி இவ உண்டுன்னு சொன்னியே' என்று கன்னியம்மாள் பாடினாள். சுற்றி இருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அந்தப் பாட்டு செய்தியாகிவிட்டது. பொங்கல் வருவதற்குள் அது கவிப்பிரியா சொல்லிவிட்டுப் போன கடைசி வார்த்தை என்று பொதட்டூர்பேட்டை முழுக்கத் தெரிந்திருந்தது.

கவிப்பிரியா கடைசியாகப் பேசியபோது கன்னியம்மாளும் தேவியும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவன் பரணிதரன் மட்டும்தான். அவன் எதையும் மறுக்கவில்லை. அழுகிற தாயிடம் போய், நீ பாடியது நடக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? மேலும், உண்மையில் கவிப்பிரியா சொன்னது நாலு பேரிடம் சொல்லக்கூடிய பேச்சாகவும் இல்லை.

இப்போது ஆடி. வருஷம் திரும்புவதற்குள் ஆவணியில் மலைமேல் கோயிலில் தாலி கட்டிவிட வேண்டும் என்று கன்னியம்மாள் நாள் பார்க்கத் தொடங்கியிருந்தாள். தேவியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா சொல்லிவிட்டுப் போனதை எப்படி மீறுவது?

போன மாதம் தேவி அவனை ஃபோனில் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டாள். "உங்க மேல எனக்குக் கோவம் கெடையாது பாவா. ஆனா உங்கள எனக்கு அப்படி நெனச்சிப் பாக்க வரல. சேல வியாபாரம் படுத்துகிச்சின்னா அம்மா என்னக் கட்டிவெக்காம விடாது. ஒரு நல்ல கேமரா மட்டும் அமஞ்சா என் பாட்ட நானே பாத்துக்குவேன்."

அவர்கள் வீட்டில் ஓடும் இரண்டு தறிகளின் சேலைகளை ஃபோனில் படம் பிடித்து விற்கிற வேலையை அக்காவும் தங்கையும்தான் ஆரம்பித்தார்கள். வம்பு வாடாமல்லி நிறத்தில் வந்தது. நன்றாக விற்பதும் அதுதான், திரும்பி வருவதும் அதுதான். தறியில் வாடாமல்லியாக இருப்பது ஃபோனில் நீலமாகிவிடுகிறது. நீலம் என்று நினைத்து வாங்கியவள் பார்சலைப் பிரித்ததும் திட்டி எழுதுகிறாள். வாடாமல்லி தேடுகிறவளோ படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறாள்.

அவன் அன்றும் 'சரி' என்றான். ஆனால் அந்த வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்ன கேமராக்களைப் பற்றி ஒன்று விடாமல் படித்தான். ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து எவ்வளவோ காலமாயிற்று என்பதைப் படித்து முடித்த பிறகுதான் கவனித்தான்.

*

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்தது ஹேமநாதனின் ஸ்டுடியோ. மலைமேல் மொட்டையும் காதுகுத்தும் கல்யாணமும்தான் அவருக்குப் பிழைப்பு. கண்ணாடி அலமாரியில் பழைய கேமராக்கள் இரண்டு விலைக்கு இருப்பதாக அவர்தான் சொல்லியிருந்தார். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

"வாங்க வாங்க. ஆடி மாசம், கல்யாணம் கெடையாது, ஈ ஓட்டிகினு உக்காந்துனு கீறேன்" என்று ஹேமநாதன் இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று வெள்ளி நிறம். மெல்லியது, கைக்குள் அடங்குவது. இன்னொன்று கறுப்பு. தடி, ஓரமெல்லாம் தேய்ந்தது.

கன்னியம்மாள் முக்காலியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். "இதுல இன்னா பாக்கறதுக்கு கீது? வெள்ளி அழகா கீது. கறுப்பு எங்கூட்டு மண்ணெண்ண ஸ்டவ்வு மாரி கீது."

"மா, கேமராவ கட்டிக்கவா போறோம்? படம்தான எடுக்கப் போறோம்" என்றாள் தேவி.

"ஆங், வாய் மட்டும் கீது."

பரணிதரன் விவரங்களைச் சொன்னான். வெள்ளிக்கு அதிக மெகாபிக்சல் புள்ளிகள், தூரத்தில் இருப்பதையும் கிட்டே இழுக்கும், பேட்டரி நாள் முழுக்க வரும். கறுப்பில் புள்ளிகள் கிட்டத்தட்டப் பாதிதான். ஆனால் எது வெள்ளை என்று அதற்குக் காட்டிக் கொடுக்கலாம். அதை வைத்து மற்ற நிறங்களை அது சரிசெய்துகொள்ளும். வெள்ளியில் அந்த வசதி கிடையாது, அதுவாகவே முடிவுசெய்யும்.

"மாப்ள வாயத் தொறந்து இத்தினி பேசி நான் பாத்ததே இல்ல" என்றாள் கன்னியம்மாள்.

தேவி பையிலிருந்து வாடாமல்லிச் சேலையை எடுத்து உள்ளே பிரிக்காமல் நேராக வாசற்படிக்குப் போனாள். நூலுக்கு நிறம் பார்க்கிற வீட்டுப் பெண் ட்யூப்லைட்டை நம்பமாட்டாள். படியோரத்து நிழலில், வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து, நாற்காலி முதுகில் சேலையைத் தொங்கவிட்டாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நின்று வேடிக்கை பார்த்தது. "கடை உள்ளயா, வெளியவா?" என்று அதில் ஓர் அம்மாள் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

முதலில் வெள்ளி. எடுத்த படத்தை ஹேமநாதன் தேவியின் ஃபோனுக்கே மாற்றிக் கொடுத்தார். வாங்குகிறவர்கள் ஃபோனில்தானே பார்க்கப் போகிறார்கள். படம் மின்னியது. ஜரிகை நெருப்பாக எரிந்தது. ஆனால் சேலை நீலமாக இன்னும் ஓர் அடிதான் பாக்கி.

"அம்மாடி! நம்ம தறியில வந்ததா இது?" என்று கன்னியம்மாள் வாய்பிளந்தாள். "இதப் பாத்தா எவதான் வாங்க மாட்டா?"

"வாங்குவா மா. அடுத்த வாரமே திருப்பி அனுப்புவா."

அடுத்தது கறுப்பு. வெள்ளையைக் காட்ட வேண்டும். "இதோ என் வேட்டி இருக்குதே, பால் மாரி" என்று ஹேமநாதன் முழங்காலை நீட்டினார். தேவி வேட்டியைக் காட்டி அமுக்கிவிட்டுச் சேலையை எடுத்தாள். படத்தில் வாடாமல்லி அரக்காகிவிட்டிருந்தது.

"நான் சொல்லல? ஸ்டவ்வு" என்றாள் கன்னியம்மாள்.

தேவியின் முகம் சுருங்கியது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் அம்மா அடுத்து என்ன பேசுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

பரணிதரன் வேட்டியைப் பார்த்தான். குனிந்து இன்னொரு முறை பார்த்தான். "அண்ணே, இதுக்கு சொட்டு நீலம் போட்டிருக்கு."

"போடாம? இல்லாட்டி வெளுப்பா தெரியுமா?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாது. கேமரா நீலத்தப் பாத்துட்டு அதுதான் வெள்ளைன்னு நெனச்சிக்குது. நீலத்தக் கழிச்சிடுது."

சர்க்கரையின் வெளுப்பை அளப்பது அவன் அன்றாட வேலை. வெள்ளை என்று எல்லோரும் சொல்வதில் பாதி வெள்ளையே அல்ல. வேட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் வியந்துபோனான். யாரும் கேட்காமல் தானாக ஒன்றைச் சொல்லியிருந்தான்.

"பாவம்யா என் வேட்டி, அது மேல கேஸ் போடறீங்க" என்று சொல்லிக்கொண்டே ஹேமநாதன் பிரிண்ட் போடும் தாள் ஒன்றை உருவி, அதன் பின்பக்கத்தைக் காட்டினார்.

தேவி மறுபடி அமுக்கினாள். மறுபடி எடுத்தாள். ஃபோனைச் சேலையின் மடிப்பு ஓரமாகப் பிடித்தாள். எங்கே படம் முடிகிறது, எங்கே துணி தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. மின்னவில்லை, எரியவில்லை. வாடாமல்லி வாடாமல்லியாகவே இருந்தது.

"பாவா" என்றாள். ஃபோனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

கன்னியம்மாளும் எட்டிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு, அது முடிந்த விஷயம் என்பதுபோல ஹேமநாதன் பக்கம் திரும்பினாள். "ஏம்பா, மலமேல கல்யாணத்துக்குப் படம் எடுக்க இன்னா ரேட்டு? ஆவணியில. சிம்பிளாத்தான்."

"யாருக்குமா?"

"இவங்களுக்குத்தான். என் பெரியவ சாவற நேரத்துல தங்கச்சிய மாப்ளகிட்ட ஒப்படைச்சிட்டுப் போனா."

"மா, கேமரா வாங்க வந்தோம்" என்றாள் தேவி.

"வாங்கு, யார் வேணாம்னாங்க? கட்டிகினு போய் அங்க இருந்துனு எடு."

ஹேமநாதன் உச்சுக்கொட்டினார். "சாவறவங்க சொல்லு. மீற முடியுமா?"

தேவி கையிலிருந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை அணைந்த பிறகும் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, அம்மாவையோ ஹேமநாதனையோ பார்க்காமல், அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா நெஜமா அப்படிச் சொன்னாளா பாவா?"

இத்தனை மாதத்தில் அவனை யாரும் இதைக் கேட்டதில்லை. சரி என்று சொல்லி முடிக்க முடியாத கேள்வி. தெருவில் ஓர் ஆட்டோ நகராமல் உறுமிக்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தான். போகவில்லை.

"இல்ல" என்றான்.

"இல்லன்னா?" என்றாள் கன்னியம்மாள்.

"அப்படி ஒண்ணும் சொல்லல அத்த. அன்னிக்கி காலையில இட்லி வாங்கினு போனேன். எனக்கு வேணாம், நீ துன்னுன்னுட்டா. துன்னேன். மீசையில சட்னி ஒட்டியிருந்தது போல. அதத் தொடைக்கச் சொன்னா. அப்புறம் தூங்கிட்டா. எழுந்திருக்கல."

கன்னியம்மாளின் விசிறல் நின்றது.

"தங்கச்சியப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல அத்த."

"என்னப் பத்தி?"

"இல்ல."

"சட்னியா?"

"ஆங்."

கன்னியம்மாள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அழப் போகிறாள் என்று பரணிதரன் பயந்தான். "கண்றாவி" என்றாள். "உசுரு போற நேரத்துல மீசையப் பாத்துகினு இருந்திருக்கா."

தேவிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள், நிற்கவில்லை. கன்னியம்மாள் அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அவதான். அவளேதான். சின்னதுல இருந்தே எதுத்தாப்பல நிக்கறவன் மூஞ்சில இன்னா ஒட்டிகினு கீதுன்னுதான் பாப்பா. என் பொண்ணு பேச்சே அது." மூக்கை உறிஞ்சினாள். "நான்தான் பாட்டுல வெச்சிப் பாடினேன். பாடிப் பாடி நானே நம்பிட்டேன். நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மாப்ள?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்பா, அந்த ரேட்டு வேணாம்" என்றாள் ஹேமநாதனிடம்.

"அப்ப கேமரா?"

"அது வேணும். எதுன்னு அவளக் கேளு. எங்கூட்டு வியாபாரம் அவளுது."

தேவி கறுப்பை எடுத்து வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஹேமநாதன் சார்ஜரைத் தேடி உள்ளே போனார். அவள் சேலையை மடித்துப் பையில் வைத்தபடி, "அடுத்த லீவு அன்னிக்கி வந்து எங்க வெளிச்சம் சரியா உழுதுன்னு பாத்துக் குடுக்கறீங்களா பாவா?" என்றாள்.

"காலையிலயே வரேன். வெயில் ஏறதுக்கு முன்ன எடுத்துடலாம். அரக்கு, மயில்கழுத்து எல்லாத்தையும் எடுத்து வெய்யி."

படியிறங்கப் போனபோது கன்னியம்மாள் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க. உங்க பேச்சுல வேணாம், அவ சொன்னா மாரியே சொல்லுங்க. மரியாதையெல்லாம் பாக்காதீங்க. நான் இல்லாதப்ப அவ உங்கள பேர் சொல்லித்தான் கூப்புடுவான்னு எனக்குத் தெரியும்."

கவிப்பிரியா சொன்னது பரணிதரன் மனதில் அப்படியே இருந்தது, ஒரு சொல்லும் நழுவாமல்.

"இன்னா பரணி இது, மீசையெல்லாம் சட்னி. தொடச்சிக்கோ. எதுத்த பெட்டு ஆயா உன்னப் பாத்துப் பாத்து சிரிச்சிகினு கீது."