சிமென்ட் இல்லாத கான்கிரீட்

சிமென்ட் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற ஆள் நான். பூமியைச் சூடாக்கும் புகையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று பன்னிரண்டு வருஷமாக மேடை மேடையாகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். கத்தலோடு நிற்கவில்லை. அனல் மின் நிலையத்துச் சாம்பலையும் ஒரு காரக் கரைசலையும் சேர்த்து, சிட்டிகை சிமென்ட்கூட இல்லாமல் கான்கிரீட் செய்து காட்டினேன். அதைப் பற்றி இருபத்தொன்பது ஆய்வுக் கட்டுரைகள் எழுதினேன். உண்மையைச் சொன்னால் மூன்று கட்டுரைக்குத்தான் விஷயம் இருந்தது. மணலின் அளவை மாற்றி, ஈரப்பதத்தை மாற்றி, ஒருமுறை தலைப்பை மட்டும் மாற்றி மீதியை ஒப்பேற்றினேன்.

பேராசிரியர் ஆவதற்கு முப்பது வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் கட்டுரையை யாரும் படிப்பதில்லை, எண்ணுவதோடு சரி. நான் இணைப் பேராசிரியராகவே பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருஷம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் தாளைப் பார்த்து எழுதியவன் இன்று துறைத்தலைவர். அவன் அறையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வீட்டுக்குப் போனால் மனைவி வேறு.

"உங்க பேர்ப் பலகையில அந்த 'இணை'ய அழிக்கறதுக்குள்ள பலகையே துருப்பிடிச்சிடும் போலிருக்கு" என்பாள். அவள் விளையாட்டாகத்தான் சொல்வாள். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

இந்த நேரத்தில்தான் ஊழியர்களின் குழந்தைகளுக்காக வளாகத்திலேயே ஒரு காப்பகம் கட்ட முடிவானது. சுவர் முழுக்க என் கான்கிரீட். இருந்த நாலு மரத்தையும் வெட்டிச் சமன் செய்த இடத்தில் நின்று துணைவேந்தர் பசுமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். திங்கட்கிழமை கலவை ஊற்றுவதாக ஏற்பாடு. சுவர் எழுந்ததும் அதைப் பற்றி முப்பதாவது கட்டுரை, அடுத்த மாதம் பதவி உயர்வு நேர்காணல் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மேஸ்திரி என் அறை வாசலில் வந்து நின்றார். எங்கள் ஆய்வகத்தில் கலவை கலப்பது, இரும்பு அச்சுகளில் ஊற்றுவது, மறுநாள் கட்டியைக் கழற்றுவது, இருபத்தெட்டு நாள் தண்ணீரிலும் நிழலிலும் வைத்துப் பிறகு இயந்திரத்தில் அழுத்தி உடைப்பது எல்லாமே அவர்தான். கட்டட வேலையிலிருந்து வந்தவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என் வயதுதான் அவருக்கும். எந்தப் பளுவில் கட்டி உடைந்தது என்று அவர் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். என் ஆராய்ச்சி அப்படித்தான் நடந்தது.

"சார், திங்கட்கிழமை கலவை எங்கேருந்து வருது?"

"வெளியில கலந்து லாரியில கொண்டு வராங்க. என் கட்டுரையில இருக்கற அளவ அப்படியே கொடுத்திருக்கேன்."

மேஸ்திரி மென்று விழுங்கினார். "அந்த அளவுல போட்டா நிக்காது சார்."

"என்ன பேசறீங்க? பன்னெண்டு வருஷமா நிக்குதே!"

"ஒவ்வொரு கலவையிலயும் நான் ஒரு கொத்துக்கரண்டி சிமென்ட் போடுவேன் சார்."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"மொத மாசம் மறுநாள் அச்சக் கழட்டினா எல்லாம் மாவா உதிர்ந்துச்சு. நீங்க போட்ட சத்தத்துல மேல்மாடி வகுப்பே நின்னுபோச்சு. ஒரு கட்டிய ஒழுங்காக் கழட்டத் தெரியாதவன் எல்லாம் என்ன மேஸ்திரின்னு கேட்டீங்க. அதுக்கப்புறம்தான் போட ஆரம்பிச்சேன். நீங்களும் சந்தோஷமா இருந்தீங்க."

"இத்தன வருஷமா ஏன்யா சொல்லல?"

"கட்டிதானே சார். எப்படியும் உடைக்கத்தானே போறோம்னு விட்டுட்டேன். இது சுவரு. உள்ள கொழந்தைங்க இருக்கும்."

வெளியே போங்கள் என்று கத்தினேன். போய்விட்டார். நான் நம்பவில்லை, நம்ப விரும்பவில்லை. ஆனால் கடல் கடந்த நாட்டிலிருந்து ஒரு பேராசிரியை மூன்று முறை எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. உங்கள் கலவை எங்களிடம் இறுகவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். செய்முறையைக் கவனமாகப் படிக்கவும் என்று நான் அவளுக்கு ஒரு வரியில் பதில் போட்டிருந்தேன்.

சனிக்கிழமை சட்டைக் கையை மடித்துவிட்டு நானே கலந்தேன். சாம்பலைச் சல்லடையில் சலித்தேன், கரைசலை அளந்து ஊற்றினேன், பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கையில் கொப்புளம் வந்தது. ஞாயிறு காலை அச்சின் திருகுகளைக் கழற்றினேன். மூன்று பக்கம் வந்தது, நாலாவது பக்கத்தைத் தொட்டதும் மொத்தமும் பொலபொலவென்று என் செருப்பின் மேல் கொட்டியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வெளியில் சொன்னால் பதவியும் போகும், மானமும் போகும். லாரிக்காரனிடம் சொல்லி ரகசியமாகச் சிமென்ட்டைக் கலக்கச் செய்துவிட்டால் சுவரும் நிற்கும், நானும் நிற்பேன் என்றேன்.

அவள் கேலி செய்யவில்லை. "இத்தன வருஷம் தெரியாம நடந்துச்சு. நாளையிலேர்ந்து தெரிஞ்சே செய்யப் போறீங்களா?" என்று கேட்டாள்.

இரவெல்லாம் புரண்டுவிட்டு, திங்கள் காலை லாரி வருவதற்கு முன்னால் துறைத்தலைவன் அறைக்குப் போய் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவன் எழுந்து கதவைச் சாத்தினான். கதவு திறந்திருந்தால் நாங்கள் சார் போட்டுக்கொள்வோம், சாத்தினால் டா.

"வேலைய ஒரு வாரம் நிறுத்தச் சொல்றேன். சிமென்ட்ட அளந்து சேத்து அளவ மாத்திக் கொடு. கட்டுரை வந்த பத்திரிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பிடு. அவ்வளவுதானேடா?"

"என் பதவி?"

"திருத்தம் அச்சுல வருமில்ல? வந்தா அதுவும் ஒரு பிரசுரம். இருபத்தொன்பதும் ஒண்ணும் எத்தன?"

தாளைப் பார்த்து எழுதியே தேறியவன், கணக்கில் மட்டும் புலி.

"ஒண்ணே ஒண்ணு. தப்பு யாருதுன்னு ஒரு வரி இருக்கணும். உன்னோடதுன்னு போட்டா தேர்வுக் குழு இழுத்தடிக்கும். பாத்து எழுது" என்றான்.

நான் பார்த்துத்தான் எழுதினேன். ஆய்வக ஊழியர் ஒருவர் தவறுதலாகச் சிமென்ட் சேர்த்ததால் முடிவுகளில் பிழை நேர்ந்தது என்று எழுதினேன். என் கையைப் பிடித்து யாரும் எழுதவைக்கவில்லை. எழுதி முடித்தபோது மனசு லேசானது. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

சுவர் எழுந்தது. திறப்பு விழாப் பதாகையில் 'சிமென்ட் இல்லாத' என்பதன் மேல் காகிதம் ஒட்டி 'சிமென்ட் குறைந்த' என்று ஆக்கினார்கள். துணைவேந்தர் அதே உரையை மறுபடியும் ஆற்றினார். நேர்காணலில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் என் பட்டியலில் விரல் வைத்து முப்பது வரை எண்ணினார், மற்றவர்கள் அவர் விரலைப் பார்த்தார்கள். நான் பேராசிரியர் ஆனேன். மனைவி பழைய பலகையைக் கழற்றிப் பரணில் போட்டாள்.

தவறு அச்சில் வந்துவிட்டால் நடவடிக்கையும் வேண்டுமாம். மேஸ்திரியிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அவரை ஆய்வகத்திலிருந்து எடுத்து, விடைத்தாள் கட்டுகளை அடுக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆய்வகச் சாவியை ஒப்படைக்க என் புது அறைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். என் திருத்தம்தான்.

"பொண்ண படிச்சுச் சொல்லச் சொன்னேன் சார். தப்புன்னா போட்டிருக்கீங்க?"

நான் சாவியை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன்.

"அந்த லேப்ல இத்தன வருஷத்துல நின்னது நான் சிமென்ட் போட்டது ஒண்ணுதானே சார்?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.