முப்பத்து நான்காம் கெஜம்

ஆர்ட்டிஸ் டாலிவர் பிறந்த அன்று எடை போட்டார்கள், ஒன்பது பவுண்டு. ஆனால் அவனைத் தராசிலிருந்து தூக்க இரண்டு நர்சுகளாலும் ஒரு டாக்டராலும் முடியவில்லை. பெற்று இருபது நிமிடமே ஆகியிருந்த தாய் வெர்னீஸ் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, "வாடா கண்ணு" என்று ஒரு கையால் எடுத்துக்கொண்டு போனாள். மெரிடித் கிராசிங்கில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வாரம் கோழித் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டை நிறுத்தப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி. ஊர் அதில் மும்முரமாக இருந்தது.

விருப்பமில்லாத இடத்துக்கு அவனை யாராலும் நகர்த்த முடியாது, அவ்வளவுதான். பிடிவாதக்காரன் என்று சொல்லிவிட முடியாது; மரியாதையானவன், கேட்டால் எழுந்து வழிவிடுவான். கேட்காமல் தள்ளினால்தான் சிக்கல். தகப்பன் மரம் ஏற்றும் லாரியோடு மிசிசிப்பிக்குப் போனவன், அங்கேயே ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டான். வெர்னீஸ் கோழிகளைத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டும் வரிசையில் பதினேழு வருடம் நின்று மகனை வளர்த்தாள். பதினாறு வயதில் அவன் முந்நூற்றுப் பத்து பவுண்டு இருந்தான். அலபாமாவில் இப்படி ஒருவன் வளர்ந்தால், ஆளை ஆள் முட்டித் தள்ளி ஆடும் அமெரிக்கக் கால்பந்துக்குத்தான் இழுப்பார்கள்; அதை யாரும் கேட்க வேண்டியதில்லை.

பதினோரு கல்லூரிகளிலிருந்து கோச்சுகள் வந்தார்கள். பையனின் குணத்தைப் பார்க்கத்தான் வந்தோம் என்று பதினோரு பேரும் சொன்னார்கள். விடைபெறும்போது பதினோரு பேரும் அவன் தோளில் தட்டிக்கொடுப்பதுபோல் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார்கள். எங்கள் பல்கலைக்கழகத்து கோச் வெண்டல் ஸ்ட்ரவுட் மட்டும் தள்ளிய பிறகு திரும்ப வந்து உட்கார்ந்து, மூன்றாவது தட்டு வறுத்த மீன் சாப்பிட்டார். வெர்னீஸ் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இந்த வீட்ல ஏதாவது ஒண்ணுன்னா எம்புள்ள இங்க வரணும் சார். ஆட்டம் நடந்துட்டு இருந்தாலும் சரி."

"அம்மா, நீங்க இதக் கேக்கவே வேண்டாம். நானே காரை எடுத்துட்டு வந்து வாசல்ல எறக்கி விடுவேன்," என்றார் ஸ்ட்ரவுட். அவர் கண்ணில் நீர்கூட வந்தது. அது எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதைப் பிறகுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

மூன்று வருடம் ஆர்ட்டிஸ் தற்காப்பு வரிசையின் நட்டநடுவில், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்றான். அந்த மூன்று வருடத்தில் நடுவழியாக ஒருவனும் பந்தோடு கடந்ததில்லை. முதலில் அவனை முட்டித் தள்ள ஒருவனை அனுப்பினார்கள், பிறகு இரண்டு பேரை, பிறகு நான்கு பேரை. எல்லாரும் அவன்மேல் சாய்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்பினார்கள். பெயர் வாங்கியதெல்லாம் அவனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள். ஓட வழியில்லாமல் ஒதுங்கியவனைப் பிடித்து வீழ்த்துவது அவர்கள்தானே. ஸ்ட்ரவுட் ஏரிக்கரையில் வீடு கட்டினார். நாங்கள் பாறாங்கல் படம் போட்ட பனியன் வாங்கி அணிந்துகொண்டோம். அவன் குடும்பப்பெயரை எங்களில் பாதிப் பேருக்குச் சரியாக உச்சரிக்கத் தெரியாது.

நான்காம் வருடம், பக்கத்து மாநிலத்துப் பரம எதிரிகளோடு ஆட்டம். அன்று காலை பத்தேகாலுக்கு வெர்னீஸ் வேலை வரிசையிலேயே சுருண்டு விழுந்தாள். அவளுடைய தங்கை ஒடெல்லா உடனே அணியின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஒரு பெண் அதைச் சீட்டில் எழுதி ஸ்ட்ரவுட் கையில் கொடுத்தாள். அவர் படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார். மெரிடித் கிராசிங் எழுபது மைல். ஆட்டம் தொடங்க நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பாதி ஆட்டத்தில் இரண்டாவது சீட்டு வந்தது. அதுவும் அதே பைக்குள் போனது.

மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு, எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்ட நான்கு கெஜமே இருக்கும்போது எதிரணி அடுத்தடுத்து நான்கு முறை நடுவில் முட்டியது. நான்கு முறையும் ஆர்ட்டிஸ் நின்றான். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிச் சிரித்தான். எண்பதாயிரம் பேர் கத்தினோம். அந்த நேரத்தில்தான் வெர்னீஸின் உயிர் பிரிந்தது. மூன்று மணி வரை அவளுக்கு நினைவு இருந்தது, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒடெல்லா பிறகு சொன்னாள்.

பத்திரிகையாளர்களிடம் பேசி முடித்து, குளித்து, சட்டையும் மாற்றிய பிறகு ஸ்ட்ரவுட் அவனை அழைத்தார். "தம்பி, ஒரு கெட்ட செய்தி. இப்பத்தான் வந்துச்சு," என்றார். கண்ணில் நீர் வந்தது.

அடக்கம் புதன்கிழமை நடந்தது. கல்லறையிலிருந்து திரும்பும்போது ஒடெல்லா காரை ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு தடவ போன் பண்ணேன்டா. அந்தாளு கைல குடுத்தாச்சுன்னு அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணுச்சு."

"நான் சிரிச்சுட்டு இருந்தேன் சித்தி," என்றான் ஆர்ட்டிஸ்.

அடுத்த சனிக்கிழமை அவன் ஆடுவான் என்று தெரிந்ததும் பத்திரிகைகள் உருகிவிட்டன. தாயின் நினைவுக்காக ஆடுகிறானாம். முதல் மோதல், எங்கள் எல்லைக்கோட்டிலிருந்து முப்பத்து நான்காம் கெஜத்தில். அவன் குனிந்து கையை ஊன்றினான். விசில் ஊதினார்கள், பந்து நகர்ந்தது, எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுந்தார்கள். அவன் எழவில்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். புல் வெட்டும் டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி போட்டார்கள், சங்கிலி அறுந்தது. நடுவர்கள் விதிப்புத்தகத்தை அரைமணி நேரம் புரட்டினார்கள். நகராத ஒன்றை ஆட்டக்காரனாகக் கருத முடியாது, அது மைதானத்தின் ஒரு பகுதி என்று முடிவு சொன்னார்கள். மீதி ஆட்டம் அவனைச் சுற்றி நடந்தது. நாற்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

பதினான்கு நாள் அவன் அங்கேயே இருந்தான். ஒடெல்லா தினமும் சோளரொட்டியும் அவித்த அவரைக்காயும் கொண்டுவந்து ஊட்டிவிட்டாள். பல்கலைக்கழகம் ஒரு குழு அமைத்தது. குழு ஒரு துணைக்குழு அமைத்தது. ஒரு பாதிரியார் மன்னிப்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்; யார் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் முதல் மூன்று நாள் பூ கொண்டுவந்து வைத்தார்கள். நான்காம் நாள், "இவனுக்கு நாம என்ன கொறை வச்சோம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஐந்தாம் நாள் ஸ்ட்ரவுட் வந்தார். "உனக்கு என்னதான்டா தம்பி வேணும்?"

"சீட்டு எத்தன மணிக்கு வந்துச்சு, எங்க வச்சீங்கன்னு மைக்ல சொல்லுங்க கோச். சனம் இருக்கும்போது சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

"அது டீமுக்கு நல்லதில்ல."

"சரி கோச்," என்றான் ஆர்ட்டிஸ்.

பதினான்காம் நாள் மறுபடி எங்கள் மைதானத்தில் ஆட்டம். தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிட்டதால் பல்கலைக்கழகத் தலைவரே ஸ்ட்ரவுட்டைப் பிடித்து மைக்கோடு அனுப்பினார். ஆர்ட்டிஸின் பக்கத்தில் நின்று ஸ்ட்ரவுட் ஒன்பது நிமிடம் பேசினார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். வெர்னீஸின் மீன் வறுவலைப் பற்றிச் சொன்னார். நீர் வந்தது. எண்பதாயிரம் பேரும் மூக்கைச் சிந்தினோம். அப்போது ஆர்ட்டிஸ் தலையைத் தூக்கினான்.

"அந்தச் சீட்டு கோச்?"

மைக் அதைப் பிடித்துக்கொண்டது. அரங்கம் முழுக்கக் கேட்டது.

ஸ்ட்ரவுட் சிரித்தார். "எந்தச் சீட்டு, தம்பி?"

ஆர்ட்டிஸ் அவரை ஒருமுறை பார்த்தான். பிறகு எழுந்தான். முழங்காலிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். தலைக்கவசத்தைப் புல்லில் வைத்துவிட்டு, தெற்கு வாசலில் காரோடு நின்ற ஒடெல்லாவை நோக்கி நடந்தான். கோச்சின் பேச்சில்தான் அவன் மனம் இளகிவிட்டது என்று நினைத்து நாங்கள் கூரை பிளக்கக் கத்தினோம். ஸ்ட்ரவுட் கையசைத்துவிட்டுத் திரும்பினார். கால் வரவில்லை. பூட்ஸைக் கழற்றினார்கள், வெறுங்காலும் வரவில்லை. அந்த டிராக்டரையே கொண்டுவந்தார்கள், புதுச் சங்கிலியோடு.

அன்று அவரைச் சுற்றி ஆடி மூன்று புள்ளியில் வென்றோம். அதனால் ஏற்பாடு ஒன்றும் மோசமில்லை என்று நிர்வாகம் கருதியது. ஸ்ட்ரவுட்டின் ஒப்பந்தத்தை நான்கு வருடம் நீட்டித்தார்கள். "அவர் நம்மை விட்டு எங்கும் போகமாட்டார்" என்று தலைவர் பேட்டி கொடுத்தார். அவர் நகைச்சுவை தெரிந்தவர் அல்ல. ஸ்ட்ரவுட்டின் மனைவி சார்லீன் முதல் மாதம் தினமும் வந்தாள்.

"அந்த ஒரு வரிய சொல்லித் தொலைங்களேன்."

"சொன்னா ஜனங்க என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"இப்ப என்ன நெனைக்கிறாங்களாம்?" என்றாள் சார்லீன். இரண்டாம் மாதம் அவள் ஏரிக்கரை வீட்டின் பூட்டை மாற்றிவிட்டு அட்லாண்டாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆர்ட்டிஸ் அதன் பிறகு ஆடவில்லை. தொழில்முறை அணிகளிலிருந்து ஆட்கள் வந்து காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் மின்கம்பம் நடும் வேலையில் சேர்ந்தான். புயல் நாட்களில் அவனைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். அவன் பிடித்துக்கொண்டால் கம்பம் சாயாது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் மனைவியோடு ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறான். கோச்சைப் பற்றி யாராவது கேட்டால், "அவருக்கு வாய் இருக்குல்ல," என்று சொல்லிவிட்டுத் தூண்டிலைப் பார்க்கிறான்.

ஸ்ட்ரவுட் அங்கேதான் இருக்கிறார். இது ஏழாவது சீசன். புல் வெட்டுகிறவர்கள் அவரைச் சுற்றி வெட்டுகிறார்கள். மழைக்கு ஒரு தார்ப்பாய் உண்டு, ஆட்டத்தன்று எடுத்துவிடுவார்கள். வருகிற அணிகளும் அவர்மேல் மோதாமல் வளைந்து ஓடப் பழகிவிட்டன. முப்பத்து நான்காம் கெஜத்துக்கு நேரே, கீழ் வரிசையில், பன்னிரண்டு இருக்கைகளுக்கு அவர் மறைக்கிறார். அவற்றுக்கு டிக்கெட் எட்டு டாலர் குறைவு. முதலில் விற்றுத் தீர்வது அவைதான்.