கட்டைவிரலுக்கு எட்டும் தூரம்

வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கல்லூரி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளை டேப்பால் மூன்று சுற்றுச் சுற்றினேன். நுனியைப் பல்லால் கடித்துத்தான் அறுக்க முடிந்தது. பிறகு அண்ணனின் மலைச் சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்கி, அவன் எழுவதற்குள் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அண்ணன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரத்தில் இருந்தவன். எட்டு மாதங்களுக்கு முன் அந்த இயந்திரம் அவனுடைய வலது கட்டைவிரலை எடுத்துக்கொண்டது. இப்போது அங்கேயே சரக்கைச் சரிபார்க்கும் வேலை. விபத்துக்கு முன், ஞாயிறு தவறாமல் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய கல்குவாரி மேடுகளில் சைக்கிள் ஓட்டப் போவான். முழங்கையெல்லாம் மண்ணோடு, யாரையோ ஜெயித்து வந்தவன் மாதிரி மதியம் திரும்புவான். அதற்குப் பிறகு சைக்கிள் கூடத்துச் சுவரிலேயே தொங்கியது. போன வாரம் அதை விற்கப் போவதாகச் சொன்னான். வாங்குகிறவர் ஞாயிறு மாலை பார்க்க வருகிறார். இன்று சனிக்கிழமை.

வலது கைப்பிடிக்குக் கீழே இரண்டு லீவர்கள். சிறியதை ஆள்காட்டி விரலால் இழுத்தால் கியர் கூடும். சமதரையில் வேகம் வரும். பெரியதைக் கட்டைவிரலால் தள்ளினால் கியர் குறையும்; மேடு ஏறலாம். அப்படியென்றால் அவனால் இனி வேகமாகப் போக முடியும், ஏறத்தான் முடியாது. டேப் சுற்றிய கையோடு நான் பாலத்து ஏற்றத்தில் பாதியிலேயே காலை ஊன்றிவிட்டேன்.

பாலத்துக்குக் கீழே ஒரு சைக்கிள் கடை. அதன் எதிரே இரண்டு முறை நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். தெரியாதவர்களிடம் பேச எனக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். கடையை நடத்தும் அக்கா என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"கையில என்னம்மா காயம்?"

"காயமில்லக்கா. சும்மா கட்டியிருக்கேன்."

"சும்மாவா?"

விஷயத்தைச் சொன்னேன். கிரீஸ் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முழுதும் கேட்டார். "இது தள்ளுற கியர். கட்டைவிரல் இல்லாம கதைக்கு ஆகாது. முறுக்குற கியர்னு ஒண்ணு இருக்கு, பைக் ஆக்சிலேட்டர் மாதிரி. பிடியோட சேத்து திருப்புனா மாறும்."

வேறொரு சைக்கிளில் அதைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். டேப்பை அவிழ்க்காமலே பத்து முறை முறுக்கினேன். ஒன்பது முறை மாறியது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

"ஓட்டுறவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"கூப்பிட்டா வரமாட்டான்க்கா."

பழைய லீவர்களைக் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்தார். புதியதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் வெறும் சுவருக்குக் கீழே காபி டம்ளரோடு நின்றிருந்தான்.

"வண்டிய எங்கடி ஓட்டிட்டுப் போன, விஞ்ஞானி?"

கைப்பிடியைக் காட்டினேன். குனிந்து பார்த்தான்.

"இது சின்னப் பசங்க வண்டியில வர்றது. மணி, பூக்கூடை எல்லாம் வாங்கலையா?"

"அவ ஆசையா செஞ்சிருக்கா. பிடிச்சுத்தான் பாரேன்டா," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

பிடித்தான். முறுக்கினான். இரண்டு கியர் மாறியது. மூன்றாவதில் கை வழுக்கியது. மறுபடி முறுக்கினான். மறுபடி வழுக்கியது. குறை சொல்வதற்காகச் செய்யவில்லை, உண்மையாகவே முயன்றான் என்பது அவன் தாடை இறுகியதில் தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எனக்குப் பத்துல ஒன்பது வந்துச்சே!"

"உனக்கு வரும். ரெண்டு கட்டைவிரல் வெச்சிருக்க."

"கட்டிட்டுத்தான் பண்ணேன்." டேப் சுற்றிய கையை நீட்டினேன். அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். எட்டு மாதத்தில் கேட்காத சிரிப்பு.

"அடி லூசு. விரல் உள்ளதானே இருக்கு! அது பாட்டுக்குப் பிடிய அழுத்திக்கிட்டு இருந்திருக்கு."

அவன் சொன்னது சரி. இல்லை என்று நான் நினைத்த விரல்தான் அந்த ஒன்பது முறையும் வேலை செய்திருக்கிறது. ஆய்வகத்தில் இந்தத் தவறைச் செய்திருந்தால் மேடம் என்னை வெளியே நிற்க வைத்திருப்பார்.

"அது இருக்கட்டும். எனக்கு மொத்தமாப் போயிடுச்சுன்னு உனக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. அவன் சாப்பிடும்போது நாங்கள் தட்டைப் பார்ப்போம். சட்டைப் பொத்தான் போடும்போது வாசலைப் பார்ப்போம். ஆரஞ்சை அவன் கேட்பதற்கு முன்பே அம்மா உரித்து வைத்துவிடுவாள். பாசம் என்று நினைத்துத்தான் செய்தோம். ஆனால் எட்டு மாதமாக அந்தக் கையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அண்ணன் கையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். "பாரு."

பார்த்தேன். முதல் கணு முழுசாக இருந்தது. அதற்குமேல் கொஞ்சம், உருண்டையாக, இளஞ்சிவப்பாக, ரேகை வரிகளே இல்லாத புதுத் தோல். மெல்ல அசைந்தது.

"அசையுதுண்ணா!"

"எட்டு மாசமா அசையுது."

அளவுகோலை எடுத்துவந்து விரலோடு வைத்து அளந்தேன். அம்மாவும் வந்து என் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் தோளில் பட்டது.

"முப்பத்தியொரு மில்லிமீட்டர்."

"போதுமா?" என்று கேட்டான்.

அடுத்த பத்தாவது நிமிடம் இரண்டு பேரும் கடையில் இருந்தோம். அக்கா கேட்காமலேயே அவன் கையைப் பற்றி இழுத்து, விரலை லீவரில் வைத்துப் பார்த்தார். "அட, இவ்ளோ இருக்கேப்பா! உன் தங்கச்சி ஒண்ணுமே இல்லன்னுல்ல சொல்லுச்சு?" அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சக்கரத்தின் கம்பிகளைப் பார்த்தேன்.

பழைய லீவர்களையே திரும்ப மாட்டினார். பிரேக்கை உள்பக்கம் தள்ளி, லீவரைப் பிடிக்கு ஒட்டிக் கொண்டுவந்து, கொஞ்சம் சாய்த்து இறுக்கினார். எட்டியது. தள்ளியதும் அண்ணன் பல்லைக் கடித்தான்.

"வலிக்குதா?"

"சுரீர்ங்குது."

"முறுக்குறதே வேணும்னா சொரசொரப்பா ரப்பர் சுத்தித் தர்றேன். வலிக்காது. ஆனா குலுங்குற பாதையில கை ஆட ஆட அதுவாவே மாறிக்கும். இது வலிக்கும், சொன்ன பேச்சு கேக்கும். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லுப்பா."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "எதுடி?"

"வலிக்காதது."

"நீ ஓட்டுறதா இருந்தா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "தள்ளுறது."

சைக்கிளை உருட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போனான். நான் கீழேயே நின்றேன். அவன் முதுகுதான் தெரிந்தது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு 'டக்' கேட்டது. சற்று மேலே இன்னொன்று. பிறகு ஒரு லாரி குறுக்கே வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

திரும்பி வந்து என் அருகில் காலை ஊன்றியபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"மேல வரைக்கும் போனியா?"

"முக்கால்வாசி."

"நாளைக்கு வர்றவர்கிட்ட என்ன சொல்றது?"

நான் கேட்காமலே விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினான். லீவரின் பற்கள் அந்த வழுவழுத்த தோலில் அழுந்தி, சிவப்பாகச் சின்னச் சின்ன வரிகள் விழுந்திருந்தன. கொஞ்சம் வளைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக. ஆறு இருக்கும் என்று நினைத்தேன். நான் சரியாக எண்ணி முடிப்பதற்குள் அவன் கையை இழுத்துக்கொண்டு, சைக்கிளைத் திரும்ப ஏற்றத்தின் பக்கம் திருப்பினான்.