முக்கில் தொங்கிய முகவரி

பேருந்தை விட்டு இறங்கியதும் என் முகத்தை நானே அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர்ச் சந்திப்பான பாலவிளை முக்கில், மின்கம்பத்துக்கும் வாகை மரத்துக்கும் நடுவே கயிறு இழுத்துக் கட்டிய ஃபிளெக்ஸ். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம். பெரிதாக்கியதில் மூக்கு பலாப்பிஞ்சு மாதிரி இருந்தது. 'ஊரின் பெருமை ஷிம்னா சுகதனுக்கு உதயஜோதி கிளப்பின் வாழ்த்துகள்' என்று மேலே எழுதியிருந்தது. என்னைச் சுற்றிலும் கிளப் நிர்வாகிகளின் படங்கள். செயலாளர் பினு கூலிங் கிளாஸ் போட்டு, காதில் போனை வைத்துக்கொண்டு, என்னைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடியில், சிவப்பில், பேருந்தில் போகிறவனும் படிக்கிற அளவுக்கு என் பிளாக்கின் முழு முகவரியை அடித்திருந்தார்கள்.

மூன்று வருடமாக நான் யாரிடமும் சொல்லாத முகவரி அது.

என் பிளாக்கின் பெயர் 'கறை'. முந்திரிக்கொட்டையை உடைக்கும்போது தெறிக்கிற எண்ணெயின் கறை. அம்மா முந்திரித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அப்பா சுமைத் தொழிலாளி. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பி.காம் முடித்துவிட்டு அரசின் அட்சய சேவை மையத்தில் உட்கார்ந்து, ஊராரின் ரேஷன் அட்டைக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் தட்டிக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் பெயரையும் அடுத்தவர் பிறந்த தேதியையும் அடிக்கிறவளுக்குச் சொந்தமாக நாலு வரி அடிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்குத்தான் பிளாக்.

பிளாக் எழுதுவது பெரிய சுகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வாரம் மண்டையை உடைத்து எழுதிப் போட்டால் ஒன்பது பேர் பார்ப்பார்கள். அதில் மூன்று பார்வை, அலுவலகக் கம்ப்யூட்டரில் நானே திறந்து பார்த்தது. கீழே ஒருவர் 'அருமை, என் தளத்துக்கும் வருகை தாருங்கள்' என்பார். ஒருவன் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பான். ஓய்வுபெற்ற யாரோ ஒருவர், எதைப் பற்றி எழுதினாலும் வந்து என் வரலாற்று அறிவு போதாது என்பார். கோழி வளர்ப்பைப் பற்றி எழுதியபோதும் அப்படித்தான் சொன்னார்.

ஆனாலும் 'வெளியிடு' என்ற பொத்தானை அமுக்குகிற அந்த நொடி இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. நான் எழுதியதை எந்த மாஸ்டரும் திருத்தவில்லை, எந்த ஆசிரியர் குழுவும் 'பரிசீலிக்கிறோம்' என்று சொல்லவில்லை. ஒருமுறை குவைத்திலிருந்து ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள்: 'டியூட்டிக்குப் போற பஸ்ல வாசிச்சேன், எறங்க வேண்டிய எடத்த விட்டுட்டேன்.' அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் ஆறு மாதம் எழுதினேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளிதழின் இணைப்பில், கவனிக்க வேண்டிய பிளாக்குகள் என்று சிலவற்றைப் போட்டிருந்தார்கள். 'கறை'யும் இருந்தது. எழுதுவது யார் என்று போடவில்லை, அவர்களுக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கினேன்.

கிளப்புக்குள் நுழைந்தபோது பினு கேரம் ஆடிக்கொண்டிருந்தான்.

"பினு அண்ணே, அத இப்பவே கழட்டு."

"எத மோளே?"

"என் மூஞ்சிய."

"ஏன், கலர் சரியில்லையா? பிரஸ்காரன்கிட்ட நான் அப்பவே சொன்னேன், கொஞ்சம் வெளுப்பா போடுன்னு."

"யாரு சொன்னா உனக்கு?"

"சுகதண்ணன் யூனியன் ஷெட்ல பேப்பரப் பிரிச்சு வச்சுக்கிட்டு, என் மோளு என் மோளுன்னு கண்ணுல தண்ணி விட்டுச்சு. ஊருல இருந்து ஒரு புள்ள பேப்பர்ல வந்தா கிளப் சும்மா இருக்க முடியுமா?"

"நான் டிகிரி வாங்கினப்ப சும்மாதான இருந்தீங்க?"

"அது செகண்ட் கிளாஸுல்ல," என்றான், வெட்கமே இல்லாமல்.

அவன் என் பிளாக்கைக் காலையிலேயே படித்து முடித்திருந்தான். அதில் அவனைப் பற்றி ஒரு பதிவு உண்டு. எங்கள் முக்கில் பிறந்தநாள், காதுகுத்து, கால்பந்து, கருமாதி எல்லாவற்றுக்கும் ஃபிளெக்ஸ் வைக்கிற ஒருவன், செத்தவருடைய ஃபிளெக்ஸிலும் தன் படத்தைச் செத்தவரைவிடப் பெரிதாகப் போடுவான் என்று எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை.

"அது நான்தான?" என்றான்.

"இல்ல."

"நான்தான். சொல்லுடி. நம்ம பசங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். அந்தக் கருமாதி எடம் சூப்பர்."

இந்த ஊரில் ஒருவனைத் திட்டி எழுதினால் அவனுக்குக் கோபம் வராது, படம் போடவில்லையே என்றுதான் வருத்தப்படுவான். வெளியே வந்தால் சாயாக்கடை சசாங்கன் வழிமறித்தார். அவருடைய பாலில்லாத கட்டன் சாயாவைப் பற்றி எழுதியது ஞாபகம் வந்து நான் ஒதுங்கினேன்.

"சாயாவுல தண்ணி கூடன்னு எழுதியிருக்க. சரி, இருக்கட்டும். பழம்பொரியப் பத்தி ஒரு வார்த்த இல்லையே? அது நல்லா இருக்குன்னு எழுதினா உன் கை தேஞ்சுடுமா?"

போனைத் திறந்து பார்த்தேன். ஒன்பது பேர் வருகிற இடத்துக்கு அன்று நானூற்றுச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள். பொய் சொல்லமாட்டேன், எனக்கு உள்ளுக்குள் இனித்தது. திறக்கிற போதெல்லாம் எண்ணிக்கை ஏறியது. அதையே பார்த்துக்கொண்டு வாகை மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எந்தப் பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற பட்டியலுக்குப் போனேன். முதலில் இருந்தது 'கிரேடிங்'.

அது அம்மாவைப் பற்றிய பதிவு.

முந்திரித் தொழிற்சாலையில் கொட்டையை உடைக்கிறவர்கள் தனிக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். எண்ணெய் பட்டுக் கை வெந்து கறுத்துப்போகும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். பருப்பைத் தரம் பிரிக்கிறவர்கள் மேசை முன்னால் சுத்தமாக உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பெயர் கிரேடிங். எந்தச் சாதிக்காரி எங்கே உட்காருவாள் என்று யாரும் சட்டம் போடவில்லை, போடாமலே நடக்கிறது. அம்மா இருபது வருடமாக உடைப்பில் இருக்கிறாள். எங்கள் தெருவில் கேட்டால் கிரேடிங் என்பாள். தெருவிலிருந்து அந்தத் தொழிற்சாலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான், அதனால் பொய் நின்றது. சாயங்காலம் அங்கேயே குழாயடியில் தேங்காயெண்ணெயும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, குளித்து, பையில் கொண்டுபோன நல்ல சேலையை மாற்றிக்கொண்டுதான் பேருந்து ஏறுவாள். கல்யாண வீடுகளில் முந்தானைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொள்வாள். இதையெல்லாம் எழுதியிருந்தேன். அம்மா மேல் கோபப்பட்டு எழுதவில்லை. ஒருத்தியைத் தன் வேலையின் பெயரை மாற்றிச் சொல்ல வைக்கிற இந்த ஊரின் மேல் எரிச்சல்பட்டு எழுதினேன். நான் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான். அந்த நர்ஸ் நிறுத்தத்தை விட்டதும் அதை வாசித்துத்தான்.

அம்மாவின் பேருந்து வர இன்னும் நேரம் இருந்தது. மரத்தடியிலேயே அந்தப் பதிவை வெளியீட்டிலிருந்து எடுத்தேன். 'உறுதியாகவா?' என்று திரையில் ஒரு பெட்டி கேட்டது. ஆமாம் என்று அமுக்கியபோது, என் பக்கத்தை நானே கிழிப்பது போலிருந்தது.

வீட்டில் அப்பா மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஷெட்டுல மட்டுந்தான் சொன்னேன் மோளே."

"ஷெட்டுக்குக் கதவு இருக்காப்பா?"

"இல்ல."

"சுவரு?"

அவர் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அம்மா வந்தாள். பையைக் கொடியில் மாட்டினாள். தண்ணீர் குடித்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"முக்குல எறங்கினேன். உன் படம். சந்தோஷமா நின்னு பாத்தேன். என் மோளுதான்னு பக்கத்துல நின்னவகிட்ட சொல்லவும் செஞ்சேன். அப்பதான் நம்ம தெரு விலாசினி வந்து போன நீட்டினா. வாசிச்சியா லீலாமணின்னு கேட்டா."

"அத எடுத்துட்டேன்மா."

"எங்க எடுத்த? அவ போட்டோ புடிச்சு வச்சிருக்கா. தெரு குரூப்புல எல்லாம் போட்டாச்சு."

"உன் பேரு எங்கயும் எழுதல."

"மேல உன் பேர தொங்க விட்டுட்டு, உள்ள எங்க அம்மான்னு எழுதினா, அது யாரு? பக்கத்து வீட்டு லீலாமணியா?"

"அது உன்னப் பத்தி இல்லம்மா. இந்த ஊரப் பத்தி."

"ஊரோட கையா எடி அது?" அம்மா இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்தாள். "இது என் கை. நான் மறச்சு வச்சிருந்தேன். நீ எடுத்துக் காட்டிட்ட."

எனக்கும் கோபம் வந்தது. "மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? திருடினியா? இந்தக் கையாலதான என்னப் படிக்க வச்ச?"

"படிக்க வச்சேன். இத எழுதுறதுக்கா?"

பதில் என்னிடம் இல்லை என்று சொன்னால் அது அழகாக இருக்கும். பதில் இருந்தது. ஆமாம், இதை எழுதத்தான் என்று கத்தினேன். அம்மா எழுந்து குளிக்கப் போய்விட்டாள். தொழிற்சாலைக் குழாயடியில் ஏற்கெனவே குளித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. தெருப் பெண்களின் சேமிப்புக் குழுவான அயல்கூட்டம் வாரம் ஒரு வீட்டில் நடக்கும், அந்த வாரம் எங்கள் வீட்டு முறை. அம்மாதான் அதற்குச் செயலாளர். யாரும் வரமாட்டார்கள் என்று நான் நினைத்தேன். வயிற்றுவலி என்று சொல்லித் தள்ளிப்போடலாம் என்று அப்பா மெல்லச் சொல்லிப் பார்த்தார். "யாருக்கு வயித்து வலி? உனக்கா?" என்று அம்மா கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எல்லோரும் வந்தார்கள். பிள்ளைப் பேற்றுக்கு விடுப்பு எடுத்திருந்தவள்கூடக் கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். பாய் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தேன். கணக்கு வாசித்தார்கள், காய்கறி விதை வாங்குவது பற்றிப் பேசினார்கள். யாருடைய காதிலும் அது விழவில்லை. எல்லோருடைய கண்ணும் அம்மாவின் கையில் இருந்தது. அம்மா கையை மறைக்கவில்லை. மறைக்க நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. பேனா பிடித்துக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் எப்படி மறைப்பாள்?

கடைசியில் விலாசினி ஆரம்பித்தாள். "கிரேடிங் சேச்சி, சாயா இன்னும் வரலையே?"

இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தேன். நாக்கில் நாலு வார்த்தை தயாராக இருந்தது. அம்மா தலையைத் தூக்காமல், எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தாள்.

"கிரேடிங்காரி போட்ட சாயாவத்தான் இத்தன வருஷமா குடிச்ச. இன்னிக்கு ஒடப்புக்காரி போட்டது. வேணாம்னா சொல்லு, சசாங்கன் கடையில வாங்கித் தரேன்."

"ஐயோ, அதுவா? அது தண்ணி," என்றாள் கைக்குழந்தைக்காரி. "ஷிம்னாவே எழுதியிருக்காளே."

சிரிப்பு பாய் முழுக்கப் பரவியது. விலாசினியும் சிரித்தாள், வேறு வழியில்லை. சாயாவை நான்தான் கொண்டுவந்து வைத்தேன். எல்லோரும் குடித்தார்கள். ஒருத்தி மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள். நான் எழுதாவிட்டாலும் அவள் எங்கள் வீட்டில் குடித்திருக்கமாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அவளுடைய தம்ளரைக் கடைசியாகக் கழுவிக் கவிழ்த்தேன்.

பாயைச் சுருட்டிக்கொண்டே அம்மா சொன்னாள். "சந்தோஷமா உனக்கு?"

"இல்ல."

"எனக்கும் இல்ல. அத திரும்பப் போடாத."

"சரி."

"எழுத வேணாம்னு சொல்லல. என்னப் பத்தின்னா என்கிட்ட காட்டிட்டு எழுது. விலாசினி போன்ல நான் வாசிக்கக் கூடாது."

'கிரேடிங்' இன்னும் வரைவில்தான் கிடக்கிறது. கீழே இருந்த கருத்துகளும் அதோடு மறைந்துபோயின, குவைத்துக்காரி எழுதியதும்தான். அவளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நடந்ததைச் சொன்னேன். பதில் வரவில்லை. பிளாக்குக்கு வந்த கூட்டமும் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. மறுபடி பன்னிரண்டு பேர், பதினான்கு பேர். பினு மட்டும் தினமும் வந்து, தன்னைப் பற்றிப் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறான்.

யாரும் கழற்றாமலே விட்ட ஃபிளெக்ஸ், ஓணத்துக்கு முந்தின மழையில் கயிறு அறுந்து சேற்றில் விழுந்தது. பினு அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தான். அம்மா அதைக் கழுவி, விறகு அடுக்கின்மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள். படம் உள்பக்கமாக இருந்தது.

"திருப்பிப் போட்டிருக்கியே," என்றேன்.

"கோழி ஏறி உன் மூஞ்சியில பேளும்," என்றாள்.

இந்தக் கதையை எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். தொழிற்சாலைக்குப் போகிற பேருந்தில் வாசித்திருக்கிறாள். நிறுத்தத்தை ஒன்றும் விடவில்லையாம். இரண்டு வரிகளை வெட்டச் சொன்னாள். ஒன்றை வெட்டிவிட்டேன். மற்றதைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.